கடலைத் தூர்க்க வந்தவனும் கடற்கன்னியும்

ஒரு யுவதி ஓர் ஆணைக் கொல்வதற்காகச் சிங்காரித்துக்கொண்டு புறப்படுகிறாள். ஆனால் அவளுக்குச் சரியாக நடக்கத் தெரியாது. இடுப்புக்குக் கீழே அவளுக்கு இருப்பது மீன் வால். அதைச் சப்பாத்துகளுக்குள் திணித்து, மேலே நீளப் பாவாடையால் மறைத்துக்கொண்டு, தத்தித் தத்திப் போகிறாள். கொல்லப்பட வேண்டியவனோ பெரும் கோடீஸ்வரன். அவளுடைய குடும்பம் குடியிருக்கும் கடலைத் தூர்த்து மண்ணாக்கி, அதன் மீது மாளிகைகள் கட்டத் திட்டம் போட்டிருப்பவன்.

கொல்லப் போனவள் காதல் கொண்டு திரும்புகிறாள் என்று சொன்னால், "இது எத்தனையோ படத்தில் பார்த்த கதைதானே!" என்று நீங்கள் சிரிக்கக்கூடும். தாராளமாகச் சிரிக்கலாம். இது சிரிக்க வைப்பதற்காகவே எடுக்கப்பட்ட படம். ஆனால் சிரிப்பு முடிந்த பிறகு நெஞ்சில் ஒரு கேள்வி முள்ளாய்த் தைத்து நிற்கிறது. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் படத்தைப் பற்றி உங்களோடு பேச வந்தேன்.

படத்தின் பெயரே "கடற்கன்னி" என்பதுதான். 2016 பெப்ரவரி 8ஆம் திகதி, சீனப் புத்தாண்டு தினத்தன்று சீனாவில் திரைக்கு வந்தது. எடுத்தவர் ஹொங்கொங்கைச் சேர்ந்த ஸ்டீபன் சௌ. "ஷாவோலின் சொக்கர்", "குங்ஃபூ ஹசல்" ஆகிய படங்களால் உலகம் முழுவதும் அறியப்பட்டவர். பெற்றோர் பிரிந்த பின் தாயின் கையில் வறுமையில் வளர்ந்தவர். இந்தப் படத்தில் அவர் நடிக்கவில்லை; கதை எழுதி நெறிப்படுத்தினார். படமோ 330 கோடி யுவானுக்கு மேல் வசூலித்து, அதுவரை சீனாவில் வெளியான எல்லாப் படங்களையும் பின்தள்ளியது. மறுவருடம் வேறொரு படம் அந்தச் சாதனையை முறியடித்தது. சுற்றாடலைப் பற்றிய ஒரு படம், விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்க்கும் படமாகியது என்பதுதான் இங்கே வியப்பு. சுற்றாடல் என்ற சொல்லைக் கேட்டாலே பாடசாலைப் பேச்சுப் போட்டி நினைவுக்கு வந்து கொட்டாவி விடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். லியூ ஷுவான் என்ற கோடீஸ்வரன், பசுங்குடா என்று சொல்லத்தக்க ஓர் அழகான கடற்பரப்பைப் பெரும் விலை கொடுத்து வாங்குகிறான். அது பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே டொல்பின் போன்ற கடல் பிராணிகள் இருக்கும்வரை தூர்ப்பதற்கு அனுமதி இல்லை. ஆகவே நீருக்கடியில் சோனார் என்னும் ஒலிக் கருவிகளைப் பொருத்தி அவற்றை விரட்டியடிக்கிறார்கள். பிராணிகள் போய்விட்டால் பாதுகாக்க என்ன இருக்கிறது? காகிதத்தில் எல்லாம் சட்டப்படி சரி. கணக்குத் தெரிந்தவர்களின் வேலை!

விரட்டப்பட்டவர்களில் நம் கதாநாயகி ஷானின் கூட்டமும் ஒன்று. உடைந்து தரைதட்டிப் போன ஒரு பழைய கப்பலுக்குள் அவர்கள் ஒளிந்து வாழ்கிறார்கள். சோனார் பட்டு உடம்பெல்லாம் புண்ணாகிப் போனவர்கள், குழந்தைகள், ஒரு முதிய மூதாட்டி. போக வேறு இடமில்லை. பாதி மனிதனும் பாதி ஒக்டோபஸுமான ஒருவன் அவர்களுக்குத் தலைவனாக நின்று பழி வாங்கத் திட்டம் போடுகிறான். பெண்கள் பின்னால் அலையும் அந்தக் கோடீஸ்வரனை மயக்கிக் கொல்ல ஷானை அனுப்புகிறான். இந்த இடத்திலேயே கொஞ்சம் நின்று பாருங்கள். திட்டம் போடுவது ஆண். ஆபத்தில் போவது பெண்.

அதன் பிறகு வயிறு குலுங்கும் காட்சிகள்தான். லியூவின் காரியாலயத்தில் அவனைக் கொல்ல அவள் எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும் அவளுக்கே வினையாகிறது. எறிந்த முள் அவள் மேலேயே திரும்பி வந்து விழுகிறது. அவனோ என்ன நடக்கிறதென்றே தெரியாமல் இருக்கிறான். மற்றொரு காட்சியில், அந்த ஒக்டோபஸ் தலைவன் உணவகமொன்றில் சமையற்காரனாக வேஷம் போட்டு நிற்க, வாடிக்கையாளர்கள் கேட்பதோ ஒக்டோபஸ் பொரியல்! தன்னுடைய கையையே தானே வெட்டி, சூடான தகட்டில் போட்டு வாட்டி, வலியை அடக்கிக்கொண்டு புன்னகையோடு பரிமாற வேண்டிய நிலை. பார்க்கிற நாம் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறோம். கடலுக்கு நாம் செய்வதை ஒரு பிடி சிரிப்பில் போட்டுக் கொடுத்துவிட்டார் மனிதர். இதையே ஒருவர் மேடையேறிச் சொல்லியிருந்தால் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள்.

காதல் எப்படிப் பிறக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நிலவொளி இல்லை, பூங்கொத்து இல்லை. கானிவல் போன்ற ஒரு களியாட்ட மைதானத்தில், சாதாரணத் தள்ளுவண்டிக் கடையொன்றில், இருவரும் சுட்ட கோழி சாப்பிடுகிறார்கள். கோடீஸ்வரன் விலையுயர்ந்த உணவையெல்லாம் மறந்து, கையெல்லாம் எண்ணெய் வழிய வழியச் சாப்பிடுகிறான். வறுமையில் வளர்ந்தவன் அவன். பணம் வந்த பிறகு யாருமே அவனோடு பணத்துக்காக அல்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அவளோ ஒருவனின் உயிரை வாங்க வந்தவள். அவன் முகத்தில் ஒரு பசித்த சிறுவனைக் கண்டுவிட்டாள். ராட்டினத்தில் ஏறுகிறார்கள், பாடுகிறார்கள், சிரிக்கிறார்கள். கவனியுங்கள், இங்கே அவள் சுற்றாடலைப் பற்றி அவனுக்கு ஒரு வகுப்பும் எடுக்கவில்லை. ஒரு மனிதனின் மனம் விவாதத்தால் திரும்புவது அபூர்வம். ஒன்றாக உட்கார்ந்து உண்ணும்போது எதிரியின் முகம் மாறிவிடுகிறது. கணவன் வீட்டாரோடு மனக்கசப்பு வந்து, பிறகு ஏதோ ஒரு விருந்தில் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து சமாதானமான குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் ஒரு பொழுது கோழி சாப்பிட்டதோடு பிரச்சினை தீர்ந்துவிடுமா? அவள் யார் என்று தெரிய வந்ததும் அவன் நேரே பொலிஸ் நிலையத்துக்குத்தான் ஓடுகிறான். "கடற்கன்னி என்னைக் கொல்லப் பார்த்தாள்" என்று முறையிடுகிறான். அங்கிருக்கும் இரண்டு உத்தியோகத்தர்களும் சிரிப்பை அடக்க முடியாமல், படம் வரைந்து வரைந்து காட்டுகிறார்கள். மேல் பாதி மீனா, கீழ்ப் பாதி மீனா? இடப் பாதி மனிதனா, வலப் பாதியா? படம் முழுவதிலும் சீனப் பார்வையாளர்கள் மிக அதிகமாகப் பேசிச் சிரித்த காட்சி இதுவென்றே சொல்லலாம். ஆனால் நகைச்சுவைக்கு அடியில் அவனுடைய இக்கட்டும் தெரிகிறது. நேற்றுவரை அவனுக்குக் கடல் என்பது வரைபடத்தில் இத்தனை ஹெக்டேயர். இன்று அதற்குள் ஒரு முகம் இருக்கிறது. அந்த முகத்தை இல்லையென்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து மண்ணைக் கொட்டுவதா, அல்லது நிறுத்துவதா?

நிறுத்துகிறான். சோனாரை அணைக்கச் சொல்கிறான். ஆனால் அவனுடைய கூட்டாளியும் அவளுடைய ஆட்களும் கடல்வாசிகளை வேட்டையாடப் புறப்பட்டுவிடுகிறார்கள். காயம்பட்ட ஷானைக் கைகளில் ஏந்திக்கொண்டு அவன் கடலை நோக்கி ஓடுகிறான். முதுகில் அம்பு போன்ற ஈட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்கின்றன. ஆனாலும் அவளைக் கடலில் சேர்த்துவிடுகிறான். உயிர் பிழைத்து, சில வருடங்களின் பின், சுற்றாடல் படிக்கும் மாணவர்களுக்குத் தன் பணத்தை வழங்குபவனாக வாழ்கிறான். கடற்கன்னி கதை உண்மையா என்று ஒரு மாணவன் கேட்கும்போது, அப்படி ஒன்றும் கிடையாது என்று மறுத்துவிடுகிறான். பக்கத்தில் மனைவியாக நிற்பவள் ஷான்!

இப்போது அந்த முள்ளுக்கு வருவோம். கடற்கன்னியின் காதல் கதை புதியதல்ல. டென்மார்க் நாட்டு எழுத்தாளர் ஹான்ஸ் அண்டர்சன் 1837இல் எழுதிய சிறிய கடற்கன்னியின் கதையை உங்கள் பிள்ளைகளும் ஏதோ ஒரு வடிவில் அறிந்திருப்பார்கள். அந்தக் கதையில் கடற்கன்னி கரையில் வாழும் இளவரசனை விரும்புகிறாள். கால்கள் வேண்டுமென்றால் நாக்கைக் கொடு என்கிறாள் கடல் சூனியக்காரி. கொடுத்துவிடுகிறாள். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் கத்தி மேல் நடப்பது போல வலி. அவனோ வேறொருத்தியை மணந்துகொள்கிறான். அவளுடைய சகோதரிகள் தங்கள் கூந்தலை வெட்டிக் கொடுத்து ஒரு கத்தியை வாங்கி வந்து, "அவனைக் கொன்றுவிடு, உன் வால் திரும்பக் கிடைக்கும்" என்கிறார்கள். அவள் கத்தியைக் கடலில் எறிந்துவிட்டு நுரையாய்க் கரைகிறாள். 1989இல் வோல்ட் டிஸ்னி நிறுவனம் இதைக் கார்ட்டூன் படமாக எடுத்தபோது முடிவை மாற்றித் திருமணத்தில் முடித்தது. ஆனால் அதிலும் தன் குரலை இழப்பவள், தன் கடலை விட்டு வருபவள் அவளேதான்.

இரண்டு வேறுபட்ட உலகங்களைச் சேர்ந்தவர்கள் ஒன்று சேரும்போது, பாலத்துக்கான செலவு முழுவதையும் பெண்ணின் தலையில் கட்டுவது கதைகளின் வழக்கம். கதைகளில் மட்டுமா? திருமணமாகி வேறு ஊர், வேறு பழக்கம், வேறு சமையல் என்று வந்து சேர்ந்த சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "நீ கொஞ்சம் மாறிக்கொள்ளேன்" என்ற வார்த்தை யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது?

ஸ்டீபன் சௌ இந்தப் படத்தில் அண்டர்சனின் கத்தியை எடுத்து மறுபக்கம் திருப்பியிருக்கிறார். இங்கேயும் அவள் கையில் கொலைக் கருவியைக் கொடுத்தே அனுப்புகிறார்கள். இங்கேயும் அவள் கொல்ல மறுக்கிறாள். ஆனால் விலை கொடுக்க வேண்டியவன் அவன். குடாவை வாங்கியவன் அவன், ஒலியை ஏவியவன் அவன். ஆகவே பணத்தையும், திட்டத்தையும், கடைசியில் தன் உடம்பையும் கொடுத்தாலொழிய அந்தக் காதலுக்கு அர்த்தமில்லை என்று கதை சொல்கிறது. "நான் உன்னை நேசிக்கிறேன், ஆனால் உன் வீட்டின் மேல் மண் கொட்டுவதை நிறுத்த மாட்டேன்" என்பவனின் நேசம் என்ன நேசம்?

இத்தனை நன்றாகச் செய்தவர் ஓரிடத்தில் சறுக்கிவிட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். லியூவின் தொழில் கூட்டாளியாக ருவோலான் என்றொரு பெண் வருகிறாள். செல்வந்தப் பெண், கெட்டிக்காரி. குடாத் திட்டத்தில் தன் பணத்தைப் போட்டவள். அவன் மீது விருப்பமும் கொண்டவள். படம் முன்னேற முன்னேற, அவனுடைய பாவச் சுமையெல்லாம் மெல்ல மெல்ல இவள் தலைக்கு மாற்றப்படுகிறது. அவன் மனம் திருந்துகிறான். இவள் பொறாமையால் பேயாகிறாள். திட்டத்தின் முதலாளி அவன் என்பதே நமக்கு மறந்துபோகும் அளவுக்குக் கடைசிக் காட்சிகளின் கொடூரம் எல்லாம் இவள் கணக்கில் எழுதப்படுகிறது. ஆணுக்கு மன்னிப்பும் மனைவியும், பெண்ணுக்கு வெறுப்பு மட்டும். நல்லவள், கெட்டவள் என்று இரண்டு பெண்களை எதிரெதிரே நிறுத்திவிட்டு நடுவில் ஆண் தப்பித்துக்கொள்ளும் இந்தப் பழைய தந்திரத்தை, இவ்வளவு புதிய படத்திலும் காண வருத்தமாக இருந்தது. ருவோலானுக்கும் ஒரு தட்டுச் சுட்ட கோழி கிடைத்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும்!

இனி, "இதெல்லாம் வெறும் கற்பனை, ஒலியால் கடல் பிராணிகள் சாகுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பஹாமாஸ் தீவுகளின் கரையில் 17 திமிங்கில இனப் பிராணிகள் திடீரென ஒதுங்கின. அமெரிக்கக் கடற்படையின் சோனார் பயிற்சியே அதற்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பதை மறுவருட இறுதியில் வெளியான அரசாங்க அறிக்கையே ஒப்புக்கொண்டது. திமிங்கிலங்களும் டொல்பின்களும் ஒலியைக் கொண்டே வழி அறிகின்றன, இரை தேடுகின்றன, குட்டியை அழைக்கின்றன. கண்ணுக்குள் மிளகாய்த் தூளை அள்ளி வீசினால் நமக்கு எப்படியோ, அப்படித்தான் அவற்றுக்கு அந்த ஓசை.

நெறியாளரின் சொந்த ஊரான ஹொங்கொங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கடலில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு வகை டொல்பின் உண்டு. 1997இல் ஹொங்கொங் சீனாவிடம் கையளிக்கப்பட்டபோது அந்த வைபவத்தின் சின்னமாக அதைத்தான் தெரிந்தெடுத்தார்கள். அதே கடலில்தான் விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதைக்காகச் சுமார் 650 ஹெக்டேயர் தூர்க்கப்பட்டது. அந்த வேலை ஆரம்பமானது 2016இல், அதாவது இந்தப் படம் வெளிவந்த அதே வருடத்தில். கப்பல் போக்குவரத்தும் கடல் தூர்ப்பும் பெருகிய கடந்த இருபது வருடங்களில் ஹொங்கொங் கடலில் அந்த டொல்பின்களின் தொகை பெரிதும் குறைந்துவிட்டது. சின்னமாக வைத்துக்கொள்ள விருப்பம், பக்கத்தில் வாழவிட விருப்பமில்லை!

2018 ஜனவரியில் சீன அரசாங்கம், வியாபார நோக்கத்துக்காகக் கடலைத் தூர்ப்பதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துவதாக அறிவித்தது. ஒரு சிரிப்புப் படம் அரசாங்கத்தை அசைத்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கரையோரச் சதுப்புகள் அழிவதைப் பற்றி விஞ்ஞானிகள் பல காலமாக எச்சரித்தே வந்தார்கள். ஆனால் கோடிக்கணக்கான சாதாரணக் குடும்பங்கள் அந்தச் சொல்லைக் கேட்டது ஒரு திரையரங்கின் இருட்டில், பக்கத்து ஆசனத்துப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தபோதுதான்.

நமக்கும் அந்தச் சொல் அந்நியமில்லையே. காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் 269 ஹெக்டேயர் கடல் நிலமாகியதைக் கண்முன்னே பார்த்தவர்கள் நாம். 2014இல் சீன நிறுவனமொன்று ஆரம்பித்த துறைமுக நகர வேலை 2015இல் இடைநிறுத்தப்பட்டு, 2016இல் மீண்டும் தொடங்கி, 2019 ஜனவரியில் தூர்ப்பு நிறைவுற்றது. அதற்கான மணல் நீர்கொழும்புப் பக்கத்துக் கடலிலிருந்து அள்ளப்பட்டபோது, மீன்கள் தங்கும் இடம் அழிகிறதென்று அங்குள்ள மீனவக் குடும்பங்கள் வீதிக்கு வந்து போராடின. இந்தப் படத்தில் எனக்கிருக்கும் இரண்டாவது குறையும் இதுதான். கடற்கன்னியின் கண்ணீரைக் காட்டியவர், அந்தக் குடாவில் வலை வீசிப் பிழைக்கும் மனிதரின் குரலைக் கேட்கவிடவில்லை. அழகான முகம் இருப்பவளுக்காகக் கோடீஸ்வரன் உருகினான், சரி. மணல் அள்ளும் கப்பல் போன பிறகு வெறும் வலையோடு வீடு திரும்புகிறவனுக்காக யார் உருகுவது? அவன் மனைவி அன்றைக்கு எதை உலையில் போடுவாள்?

பார்க்க விரும்பும் சகோதரிகளுக்குச் சில விடயங்களைச் சொல்லி வைக்கிறேன். படம் சீன மொழியில் உள்ளது. ஆங்கில உபதலைப்புகளோடு கிடைக்கிறது. ஆரம்பத்தில் மரங்கள் வெட்டப்படுவது, கடல் பிராணிகள் கொல்லப்படுவது போன்ற உண்மைக் காட்சிகள் சில வருகின்றன. கோடீஸ்வரனின் விருந்துக் காட்சிகளில் வரும் அரைகுறை உடையும் குடியும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பதற்கு ஏற்றவையல்ல. கடைசிப் பகுதியில் இரத்தம் அதிகம். கார்ட்டூன் கடற்கன்னியை எதிர்பார்த்து வரும் சிறுவர்கள் பயந்துபோவார்கள். அமெரிக்காவிலும் இதைச் சிறுவருக்கான படமாக அனுமதிக்கவில்லை. ஆகவே முதலில் நீங்கள் பார்த்துவிட்டு, வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் காட்டுங்கள். சின்னவர்களுக்கு அந்தப் பொலிஸ் நிலையக் காட்சி ஒன்றே போதும். பார்த்துச் சிரித்து முடிந்ததும் அவர்களும் ஒரு தாளை எடுத்து, மேல் பாதி மீனா, கீழ்ப் பாதி மீனா என்று வரையத் தொடங்கிவிடுவார்கள்.